எந்தக் கிளினிக்குக்குக் கொண்டு போவது?



புத்தளம் பகுதியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு வயது மகனுக்குத் தலசீமியா. மாதம் ஒரு முறை ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றுகிறார்களாம். அங்குள்ள டொக்டரே, “குருநாகலுக்கு ஒரு முறை கொண்டு போய்க் காட்டுங்கள்” என்று கடிதம் கொடுத்திருக்கிறார். மாமியோ, “இரத்தம் எங்கு ஏற்றினாலும் இரத்தம்தானே, பிள்ளையை ஏன் பஸ்ஸில் அலைக்கழிக்கிறாய்?” என்கிறார். கட்டாரில் இருக்கும் கணவர், கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் காசு அனுப்புகிறார். “யாருடைய சொல்லைக் கேட்பது?” என்பது அந்தத் தாயின் கேள்வி.

நான் வைத்தியன் அல்ல. ஆனால் இந்த நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருடன் பேசியும் வாசித்தும் அறிந்ததை இங்கு சொல்கிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகளில் தாய்மார் இருப்பார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். “இரத்தம் எங்கு ஏற்றினாலும் இரத்தம்தானே” என்பது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பிள்ளையின் ஆயுள் தங்கியிருக்கிறது. ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்புச் சத்து இருக்கிறது. அதை வெளியேற்றும் வழி நம் உடம்புக்கு இல்லை. மாதா மாதம் ஏற்றப்படும் இரத்தத்தின் இரும்பு ஈரலிலும் இருதயத்திலும் சுரப்பிகளிலும் போய்த் தங்குகிறது. பிள்ளை நன்றாக ஓடி விளையாடும். பத்துப் பன்னிரண்டு வயதில் உயரம் நின்றுவிடும், பருவமடைதல் தள்ளிப்போகும், பின்னர் இருதயம் பலவீனமாகும். ஆகவே இரத்தம் ஏற்றுவது ஒரு வேலை, இரும்பை அகற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் செய்யும் இடமே கிளினிக். முதலாவதை மட்டும் செய்வது இரத்தம் ஏற்றும் கட்டில், அவ்வளவுதான்.

ஒரே மருந்து, ஒரே புத்தகம், ஆனால் இடத்துக்கு இடம் பலன் வேறுபடுமா? வேறுபடும். அமெரிக்காவில் சிஸ்டிக் பைப்ரோஸிஸ் என்றொரு பரம்பரை நோய் உண்டு. நுரையீரலில் சளி இறுகி அடைத்துக்கொள்ளும் நோய் அது. அங்கு அதற்கென்றே நூற்றுக்கு மேற்பட்ட விசேட நிலையங்கள் இருக்கின்றன. 1997இல் சாதாரண நிலையமொன்றின் நோயாளர் முப்பது வயதைச் சற்றுத் தாண்டி வாழ்ந்தபோது, மிகச் சிறந்த நிலையத்தின் நோயாளர் 46 வயது வரை வாழ்ந்தார்கள். 2006இல் அந்த நோய்க்கான அமைப்பு ஒவ்வொரு நிலையத்தின் பலனையும் பெற்றோர் பார்க்கும்படி வெளியிட்டது.

மினியாப்பொலிஸ் நகரில் அப்படிப் பேர்பெற்ற நிலையத்தை நடத்திய வொரன் வோர்விக் என்ற டொக்டர் ஒரு கணக்குச் சொல்வாராம். சிகிச்சையை விட்ட பிள்ளை இன்று நோய் மிஞ்சாமல் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 99.5, ஒழுங்காகச் செய்த பிள்ளைக்கு 99.95. ஒரு நாளைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதையே 365 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். முதலாவது நூற்றுக்கு 16 ஆகிவிடும், இரண்டாவது 83இல் நிற்கும். “இன்றிரவு ஒரு நாள்தானே, பம்பை விட்டுவிடுவோம்” என்று நினைக்கும் தாய்மார் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

நம் கையில் அப்படியொரு பட்டியல் இல்லை. எனவே நீங்களே கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை.

பிள்ளைக்கு இரத்தம் ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அது 9.5க்கும் 10.5க்கும் இடையில் இருப்பதே நல்லது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. ஆறு, ஏழு என்று இறங்கி, பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்த பின்னர்தான் கட்டில் கிடைக்கிறதென்றால் மண்ணீரல் வீங்கும், கன்ன எலும்பும் நெற்றியும் புடைக்கும். முகம் மாறிய பின் பழைய முகத்தைக் கொண்டுவருவது இலேசல்ல. பெண் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பெரிட்டின். உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை அது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். ஆயிரத்துக்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள். 2500ஐத் தாண்டி அங்கேயே நின்றால் இருதயத்துக்கு ஆபத்து. கிளினிக் கொப்பியில் இந்த இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். கடைசியாகப் பார்த்து ஒரு வருடமாகிவிட்டது என்றால், குருநாகலுக்குப் போகச் சொன்ன டொக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இரும்பை அகற்ற மூன்று மருந்துகள் உண்டு. டெஸ்பெரொக்ஸமின் என்பது தோலுக்குக் கீழ் ஊசி குத்தி, சிறு பம்பு மூலம் இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம், கிழமையில் ஐந்து ஆறு நாட்கள் கொடுப்பது. டெபெரசிரொக்ஸ் தினம் ஒரு தடவை குடிப்பது. இதற்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டெபெரிப்ரோன் என்ற குளிசை குடிக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால், குளிசையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெள்ளை அணுக்கள் திடீரெனக் குறைந்துவிடக்கூடும். மருந்தைத் தரும் இடம் இதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னதா?

மொழியைப் பற்றி இங்கு சொல்லாமல் விட முடியாது. கொப்பியில் ஆங்கிலம், வாயில் சிங்களம், தாய்க்குத் தமிழ். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, பக்கத்துக் கட்டில் தாயிடம் “என்ன சொன்னார்?” என்று கேட்கும் நம் பெண்கள் எத்தனை பேர்! மருந்தின் அளவில் ஒரு பிழை வந்தால் யார் பொறுப்பு? முதல் இரண்டு மூன்று தடவையாவது சிங்களம் தெரிந்த நானாவையோ சாச்சாவையோ, ஏ.எல். படிக்கும் தங்கச்சியையோ கூட்டிப் போங்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பொறுமையோடு இரண்டாம் முறை சொல்லித்தரும் ஒரு மிஸ்ஸி இருக்கும் கிளினிக், பளிங்குத் தரை போட்ட கிளினிக்கைவிடச் சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

இரத்தம் ஏற்றும் இடத்தையும் பாருங்கள். தலசீமியாப் பிள்ளைகளுக்கென்று தனி இடம் இருக்கிறதா, அல்லது வயிற்றோட்டமும் காய்ச்சலும் உள்ள பிள்ளைகளோடு வாட்டில் கிடக்க வேண்டுமா? காலையில் போய் மாலையில் திரும்பலாமா, இரண்டு இரவு தங்க வேண்டுமா? மாதம் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை படிப்பில் பின்தங்கும். வெள்ளை அணுக்களை வடிகட்டிய இரத்தமா, ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா, ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம் அளக்கிறார்களா என்பவற்றையும் கேட்டுவிடுங்கள்.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். குருநாகல் போதனா வைத்தியசாலையில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. புத்தளத்திலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீற்றர். ஒவ்வொரு மாதமும் அங்கு போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மாதா மாத இரத்தத்தைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஏற்றிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிலையத்தில் முழுமையாகப் பரிசோதிக்கலாம் என்றால், மாமியும் திருப்தி, பிள்ளைக்கும் நன்மை. இரண்டு இடத்து டொக்டர்மாரிடமும் “இப்படிச் செய்யலாமா?” என்று கேளுங்கள். ஒரே கொப்பியை இரண்டு இடத்திலும் காட்டுங்கள்.

கணவர் அனுப்பும் காசு நல்லெண்ணத்தோடு அனுப்பப்படுவது. ஆனால் இது ஒரு நாளில் தீரும் வைத்தியமல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை இலவசம். தனியாரிடம் கட்டிலும் அறையும் வசதியாயிருக்கும். வருடக்கணக்காக ஒரே பிள்ளையைப் பார்த்துப் பழகிய குழு அங்கு இருக்குமா என்பதே கேள்வி. அந்தக் காசை வேன் கூலிக்கும், வெளியே செய்யச் சொல்லும் பரிசோதனைகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் யாரும் தடுக்கவில்லை. ஆனால் “ஊசியை நிறுத்து, ஓதிய தண்ணீர் போதும்” என்று சொல்பவர் ஆலிமாக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். வைத்தியம் செய்வது மார்க்கம் ஏவிய காரியம். வெளிறிய பிள்ளைக்கென்று இரும்புச் சத்து டொனிக் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் அந்தத் தாய், “என் வயிற்றில்தான் கோளாறு என்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறார். மாமிமாரே, கேளுங்கள். தலசீமியா மேஜர் ஒரு பிள்ளைக்கு வர வேண்டுமானால் தாயும் தகப்பனும் இருவருமே அந்தக் குறையைச் சுமந்திருக்க வேண்டும். உங்கள் மகனிடமிருந்தும் அது வந்திருக்கிறது. சுமப்பவர்களுக்கு எந்த நோயும் தெரியாது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமி மகள், சாச்சி மகன் என்று குடும்பத்துக்குள்ளேயே முடிக்கும்போது, குடும்பத்தில் அந்தக் குறை இருந்தால் இருவரிடமும் அது இருக்கும் வாய்ப்பு கூடும்.

எனவே குருநாகலுக்குப் போகும் நாளில் பிள்ளையின் சகோதரங்களையும் கூட்டிப் போங்கள். கல்யாண வயதில் இருக்கும் மச்சான், மச்சிமாரையும் இரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிறு குழாய் இரத்தம் போதும். வருகின்ற தாளைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்து, பேச்சு முற்றாகுமுன் மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டுங்கள், அவர்களுடையதையும் கேளுங்கள்.