மாத்திரைகள் கூட்டு சேர்ந்தால்... தாயையும் மகனையும் பறித்த விபரீதம்!

2006 செப்டம்பர் 10. பஹாமாஸ் நாட்டின் நசாவ் நகரில் ஒரு மருத்துவமனை. அமெரிக்க மாடல் அன்னா நிக்கோல் ஸ்மித்துக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தங்கையைப் பார்க்க வந்த 20 வயது மகன் டேனியல், இரவு அம்மாவின் அறையிலேயே தங்கினார். காலையில் எழுப்பியபோது எழவே இல்லை.

அவர் உடலில் மூன்று மருந்துகள் இருந்தன. ஒன்று மெத்தடோன். மற்ற இரண்டும் மன அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம். இவை ஒன்றுசேர்ந்ததே உயிரைப் பறித்தது என்றார், உடலைப் பரிசோதித்த தடயவியல் மருத்துவர் சிரில் வெக்ட்.

அதென்ன மெத்தடோன்?

ஹெராயின் போன்ற போதைப் பழக்கத்திலிருந்து மீட்கவும், கடுமையான வலியைக் குறைக்கவும் தரப்படும் ஓபியாய்டு மருந்து. மருத்துவர் கண்காணிப்பில் அளந்து கொடுத்தால் உயிர் காக்கும்.

சிக்கல் எங்கே? வலி அடங்கியிருப்பது 4 முதல் 8 மணி நேரம்தான். மருந்தோ அதன்பிறகும் நெடுநேரம் உடலில் தங்கும். 'வலி திரும்பிடுச்சே' என்று இன்னொன்று போட்டால், பழையதோடு புதியதும் சேரும். மூச்சு மெல்ல மெல்லக் குறையும். இதயத்துடிப்பும் தாறுமாறாகலாம். 2006 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இதையே எச்சரித்தது.

மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தமாக்குபவை. ஓபியாய்டுடன் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. சில இருமல் சிரப்புகளில் இருக்கும் கோடீன், வலிக்குத் தரப்படும் ட்ரமடால் ஆகியவையும் ஓபியாய்டு குடும்பம்தான்!

மகன் இறந்த ஐந்தே மாதத்தில், 2007 பிப்ரவரி 8-ல் அன்னாவும் இறந்தார். தூக்க மருந்தும், பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் கலந்ததே காரணம். தாய், மகன் இருவர் மரணமுமே தற்செயலானவை என்றுதான் விசாரணைகள் முடிந்தன.

என்ன செய்யலாம்?

* எந்த மருத்துவரிடம் போனாலும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள். மதுப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

* அடுத்தவருக்கு எழுதித் தந்த மாத்திரையைப் போடாதீர்கள்.

* பயந்துபோய் மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் கேளுங்கள்.

* மாத்திரை போட்டவர் எழுப்பியும் எழவில்லையா? மூச்சு மெதுவாக, கரகரவென வருகிறதா? உதடு நீலமாகிறதா? உடனே 108-ஐ அழையுங்கள்.

'அசதி, தூங்கட்டும்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்!