ஊர்ப் பாஷை அறியாத உபாத்தியாயர்

குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தென் கொரியாவுக்குப் போகிறவன் கொரிய பாஷையை எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். படிக்காமல் இருப்பதே நல்லது, படித்தால் அந்தப் பாஷை வகுப்புக்குள் நுழைந்து ஆங்கிலத்தைக் கெடுத்துவிடும் என்று சாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். முதல் கோஷ்டியோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் சோம்பேறிகள், சோம்பேறித்தனத்துக்கு நான் விரோதியல்ல. இரண்டாம் கோஷ்டியார் சோம்பேறித்தனத்துக்குச் சாஸ்திரம் எழுதுகிறார்கள். அவர்களோடுதான் என் வழக்கு.

அங்கே ஆங்கில ஆசிரியனுக்கான விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு தேசத்துப் பிரஜைகளுக்குத்தான். பட்டம் ஒன்று வேண்டும். எந்தப் பாடத்தில் என்று கேள்வியில்லை. அரசாங்கப் பள்ளி வேலைக்கு, ஆசிரியப் படிப்பு இல்லாதவன் 100 மணி நேரப் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் காட்ட வேண்டும். ‘ஹாக்வோன்’ என்னும் தனியார் பயிற்சிக் கூடங்கள் பலவற்றில் அதுவும் வேண்டாம். மிச்சப் பயிற்சியை அவன் எங்கே பெறுகிறான்? குழந்தைகளிடம்தான்.

போகட்டும், எல்லா உபாத்தியாயரும் அப்படித்தான் தேறுகிறார்கள். ஆனால் வகுப்புக்கு வெளியே இவனுக்கு இன்னொரு பயிற்சி காத்திருக்கிறது. குடியிருக்கும் ஒற்றை அறையில் துணி துவைக்கும் யந்திரத்தின் பொத்தான்கள் என்ன சொல்லுகின்றன என்று புரிவதில்லை. குப்பை கொட்டக்கூட அதற்கென்று விற்கும் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 1995 முதல் சட்டம் அப்படி. கடைக்காரம்மாளிடம் அந்தப் பையைக் கேட்க வாயில் வார்த்தை இல்லை. கையால் காற்றில் பை வரைந்து காட்டுகிறான். அந்த அம்மாள் மடமடவென்று ஏதோ சொல்லுகிறாள். புரியாமல் சிரிக்கிறான்.

மறுநாள் காலை இவன் முன்னால் உட்கார்ந்து அதே மாதிரி புரியாமல் சிரிக்கிறதே, ஏழு வயசுக் குழந்தை, அதன் மனசு இன்னதென்று இவனுக்குச் சொல்ல அந்தக் கடையைவிட நல்ல கல்லூரி உண்டா? அதைத்தான் கெடுக்கிறார்கள். பாங்கிக்கும் டாக்டரிடமும் கூடவே ஓர் ஆளை அனுப்பிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கவே இருக்கிறது சியோலின் இடேவோன் பேட்டை; அங்கே ஆங்கிலத்திலேயே சாப்பிட்டுத் திரும்பலாம். வருஷம் முடிகிறபோது, புறப்பட்ட நாளில் இருந்த ஆளாகவே அவன் விமானம் ஏறுகிறான்.

அந்த எழுத்து ஒன்றும் மலையல்ல. சேஜோங் அரசர் 1446-இல் பிரகடனம் செய்தது. இன்று அடிப்படை எழுத்து 24. மனசு வைத்தால் ஒரு வாரம் போதும். பாஷைக்குள் நாலடி எடுத்து வைத்தவனுக்குத் தெரியும், அதிலே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும் என்று. நம் தமிழிலும் அப்படித்தானே? ஆங்கிலத்தின் ‘எஃப்’ ஒலியும் அங்கே கிடையாது. நாம் காப்பி என்று பகரம் போட்டுக் குடிக்கிற பானத்தை அவர்களும் பகரம் போட்டுத்தான் குடிக்கிறார்கள். இது தெரிந்த உபாத்தியாயருக்குக் குழந்தையின் பிழையில் ஒரு நியாயம் தென்படும். தெரியாதவருக்கு மக்குப் பிள்ளைதான் தென்படும்.

இனி அந்தச் சாஸ்திரம். 1961-இல் உகாண்டாவின் மகெரெரேயில் காமன்வெல்த் தேசத்தார் கூடி ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றி ஆலோசித்தார்கள். அங்கே ஊறிக்கிடந்த நம்பிக்கைகளை ராபர்ட் ஃபிலிப்ஸன் 1992-இல் ஐந்தாக எண்ணிக் காட்டி, ஐந்தும் பிழை என்று வாதாடினார். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும் என்பது ஒன்று. அதைத் தாய்மொழியாகக் கொண்டவனே உத்தம ஆசிரியன் என்பது இன்னொன்று. நம் சாஸ்திரிகள் அந்த இரண்டையும் இன்னும் வேதமாகப் பாராயணம் செய்கிறார்கள்.

அதோடு விட்டால் பாதகமில்லை. பல பயிற்சிக் கூடங்களில் குழந்தைக்கு ஆங்கிலப் பெயரும் சூட்டுகிறார்கள். கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானியர் வசம் இருந்தது. 1940-இல் கொரியர்களை ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளும்படி நெருக்கினார்கள். அது அடக்குமுறை, இது பெற்றோர் சம்பளம் கட்டிக் கேட்டு வாங்கும் சரக்கு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சரித்திரம் தெரிந்தவன் ஒரு சிறு பெண்ணைக் கூப்பிட்டு, ‘இன்று முதல் நீ ஜென்னி’ என்று சொல்லுமுன் ஒரு கணமாவது தயங்குவான். அந்தத் தயக்கத்தை எந்தச் சான்றிதழும் தருவதில்லை.

‘ஒரு வருஷ ஒப்பந்தக்காரனிடம் இத்தனை கேட்கலாமா?’ என்பார்கள். அந்த ஒரு வருஷம் குழந்தைக்கும் ஒரு வருஷந்தானே, ஐயா! வாரம் இரண்டு மணி நேரம், பள்ளிக்கூடத்தின் செலவில், அவன் கொரிய பாஷை படித்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கட்டும். குடியிருக்க அறை கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய செலவல்ல.