ஸ்பிரிங் இருக்கட்டும், ஷாக்கை மாற்று



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஓடும் விவாதம் உங்களில் பலருக்குத் தெரியும். என் தங்கை மகன் 2018 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறான். அதற்கு லோயரிங் ஸ்பிரிங் போட வேண்டுமாம். அதாவது கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, நீளம் குறைந்த, விறைப்பு கூடிய ஸ்பிரிங்கை மாட்டி வண்டியை 40 மில்லிமீட்டர் தாழ்த்துவது. ஷாக் அப்சார்பர் மட்டும் பழையதே இருக்கட்டும், செலவு மிச்சம் என்கிறான். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னையும் இழுத்துவிட்டான். குழுவில் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் நிறைய. நான் உயர்த்தவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இதே ஆசையுள்ள பிள்ளைகள் என்னிடம் படித்தவர்களிலும் இருக்கிறீர்கள்.

ஆசையை நான் குறை சொல்லவில்லை. டயருக்கும் மேலே உள்ள வளைவுக்கும் நடுவே அந்தப் பெரிய இடைவெளி அழகாக இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. வண்டி தாழ்ந்தால் வளைவில் சாய்வது குறையும் என்பதிலும் உண்மை உண்டு. அவன் பேச்சில் பிழை, "ஷாக் பழையதே இருக்கட்டும்" என்ற அந்த ஒரு வரியில்தான்.

எனக்குக் கார் மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் சுருள்வில் தராசைக் கையில் பிடித்து எத்தனையோ வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். 100 கிராம் தொங்கவிட்டால் இவ்வளவு நீளும், 200 கிராமுக்கு இரண்டு பங்கு நீளும். ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி அதுதான். காரிலும் அதே கதை. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் தாங்குவதில்லை. பலர் இதைத் தலைகீழாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் ஷாக்குக்கு என்ன வேலை? ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் தானாக நிற்க வெகுநேரம் ஆகும். உட்கார்ந்திருப்பவர் காலைத் தரையில் தேய்த்தால் இரண்டு ஆட்டத்தில் நின்றுவிடும். அந்தத் தேய்க்கும் கால்தான் ஷாக். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறித் தீர்ந்துவிடுகிறது. எவ்வளவு அழுத்தித் தேய்க்க வேண்டும் என்பதைக் கம்பெனிக்காரன் தன் ஸ்பிரிங்கின் விறைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்திருப்பான். இரண்டும் கணவன் மனைவி மாதிரி.

இப்போது ஸ்பிரிங்கை மட்டும் 30 சதவீதம் விறைப்பாக்குகிறோம் என்று வையுங்கள். ஆட்டத்தை முன்போலவே அடக்க வேண்டுமானால் ஷாக்கின் பிடி 1.3-இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 1.14 மடங்காகக் கூட வேண்டும். பழைய ஷாக் அதை எங்கே போய் வாங்கும்? புது ஷாக்காக இருந்தாலே சற்றுப் போதாது. இவனுடையதோ பல வருடம் நம் ரோட்டில் அடிபட்டது. பள்ளத்தில் இறங்கிய சக்கரம் ஒரே ஆட்டத்தில் அடங்காமல் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளும் சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது. தரையைப் பிடிக்காத டயருக்கு பிரேக் போட்டு என்ன பயன்?

இன்னொன்றும் இருக்கிறது. ஷாக்கின் தண்டு மேலும் கீழும் போக ஓர் அளவு தூரம்தான் உண்டு. கீழ்நோக்கிய பயணத்தின் கடைசியில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் முட்டு இருக்கும். வண்டியை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால், அந்தத் தூரத்தைப் புறப்படும் முன்பே செலவழித்துவிட்டோம் என்று பொருள். பிறகு நான்கு பேர் ஏறி, டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை வைத்தால் பின்பக்கம் அந்த முட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். அதன் பிறகு ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக்கும் இல்லை. ரோட்டில் விழும் அடி நேராக முதுகெலும்புக்குப் போகும்.

யாருடைய முதுகெலும்பு? அதைத்தான் குழுவில் யாரும் கேட்கவில்லை. பின் சீட்டில் உட்காரப் போகிறவள் என் தங்கை. இடுப்பில் டிஸ்க் ஆபரேஷன் ஆனவள். மாதம் இரண்டு தடவை முசிறியிலிருந்து திருச்சிக்கு, சுமார் 40 கிலோமீட்டர், டாக்டரிடம் போய் வருகிறாள். பஸ்ஸின் குலுக்கல் தாங்கவில்லை என்றுதான் இந்தக் காரே வாங்கினார்கள். அவள் குழுவில் இருக்கிறாள், எல்லாவற்றையும் படிக்கிறாள், ஒரு வார்த்தை போடவில்லை. மகன் ஆசைப்படுகிறான் என்றால் எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்? ஆகவே அவள் சார்பில் நான் போடுகிறேன்.

வேகத்தடைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இந்த ஸ்விஃப்டுக்குத் தரையிலிருந்து இடைவெளி 163 மில்லிமீட்டர். 40 போனால் 123. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில். ஸ்விஃப்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர்தான். ஆகவே ஒரு கட்டத்தில் நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். எட்டாம் வகுப்பு வட்டத்தையும் நாணையும் மறக்காதவர்கள் போட்டுப் பாருங்கள். நடுவில் மேடு எழும்புவது 44 மில்லிமீட்டர் மட்டுமே. தாழ்த்திய வண்டிகூடத் தாராளமாகக் கடந்துவிடும்.

ஆனால் அப்படிப்பட்ட வேகத்தடையை நம் பக்கம் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்? குணசீலம் தாண்டி ஊருக்குள் திரும்பும் சாலைகளில், ஒரு விபத்து நடந்த மறுவாரமே ஊர்க்காரர்கள் சேர்ந்து கொட்டிய மேடுகள் இருக்கின்றன. ஒன்றரை அடி அகலம், அரையடி உயரம். சக்கரம் தாண்டிய பிறகும் மேடு முழு உயரத்தோடு வண்டியின் வயிற்றுக்கடியில் நிற்கும். அரையடி என்பது 152 மில்லிமீட்டர். 163-இல் மயிரிழையில் தப்பிக்கலாம். 123-இல் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. (அந்த மேடுகளைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.)

வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவனிடம் கேட்டேன். தாழ்த்திய வண்டி வந்தால் முன் சக்கரங்களின் கோணம் மாறியிருக்கும், சரிசெய்யாமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரிந்துவிடும் என்றான். அவன் சொன்ன இன்னொன்றுதான் எனக்குப் புதிது. ஸ்விஃப்டின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அதில் வண்டியின் உடல் இறங்கும் அளவைவிட, உடல் சாயும் அச்சு அதிகமாக இறங்கிவிடும். ஆகவே புது ஸ்பிரிங்கின் விறைப்பில் ஒரு பங்கு, தாழ்த்தியதால் வந்த சாய்வை ஈடுகட்டவே போய்விடுமாம். சாய்வைக் குறைக்க நினைத்து எல்லை மீறித் தாழ்த்துவது இப்படித் திருப்பி அடிக்கும்.

எதிர்வாதம் தெரியும். ஜெர்மனியின் ஐபாக் போன்ற கம்பெனிகள் ஒரிஜினல் ஷாக்குடனேயே சேரும்படி, அளவாகத் தாழ்த்தும் ஸ்பிரிங் செய்து விற்கின்றன. உண்மை. ஷாக் நல்ல நிலையில் இருக்க வேண்டும், ரோடு சமமாக இருக்க வேண்டும். இரண்டும் இருக்கும் ஊரில், தனியாகப் போய் வரும் ஒருவர் போட்டுக்கொண்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் கேஸ் கட்டரால் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆறு சுற்றில் ஒன்று போனால் மிச்சம் 20 சதவீதம் விறைக்கும் என்பது ஒருபுறம். அந்தச் சூட்டில் எஃகின் பதமே கெட்டுவிடும். நீளம் போதாமல் போனால் வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு லொடலொடவென்று ஆடும். இதில் மட்டும் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், கம்பெனி கொடுத்த வடிவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதும் உங்களில் வண்டித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

மாப்ளே, நீ என்னிடம் சொன்ன உண்மையான குறை என்ன? வளைவில் வண்டி படகு மாதிரி ஆடுகிறது என்றாய். அது ஸ்பிரிங் உயரமாக இருப்பதால் அல்ல, ஷாக் களைத்துப்போனதால் இருக்கலாம். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்த ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார். இருந்தால் ஸ்பிரிங்குக்கு எடுத்துவைத்த பணத்தில் நான்கு ஷாக்கையும் கம்பெனி அளவிலேயே புதிதாக மாற்று, அலைன்மென்ட் பார், டயர் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி வை. அதற்குப் பிறகும் ஆடினால் பேசுவோம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வீட்டுக்கு வா. உன் அம்மாவையும் அழைத்து வா. நாம் நான்கு பேர் ஏறி உட்கார்ந்து, உன் அத்தையை டேப் பிடிக்கச் சொல்லி, காலி வண்டிக்கும் இதற்கும் பின்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளந்துவிடுவோம். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பிள்ளைகள், நான் சொன்னதில் எங்காவது அளவு தப்பியிருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள்.