பூக்கிழங்கு வியாபாரம்: சரக்கு பக்கத்துத் தெருவில் இருக்கிறது

ஆடிப் பட்டத்துக்கு அவரை, வெண்டை, கீரை விதைப் பொட்டலங்களை வாசலில் தொங்கவிடும் மளிகைக் கடைகள் நம்மிடையே பல உண்டு. அதே வாடிக்கையாளர் தை, மாசியில் வந்து, "கோடையில் பூக்கிற லில்லிக் கிழங்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால், "நர்சரியில் பாருங்கள்" என்று அனுப்பி விடுகிறோம். நர்சரியில் ரோஜாவும் செம்பருத்தியும் தொட்டியோடு கிடைக்கும். கிழங்காகக் கேட்டால் அங்கும் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். கடைசியில் அவர் செல்போனில் துலிப் படத்தைப் பார்த்து மயங்கி, பணம் கட்டி, நாலு கிழங்கு வரவழைக்கிறார். நட்டது பூப்பதில்லை. பூக்காததற்குக் காரணம் அவருக்குத் தெரியாது. விற்றவர் சொல்வதும் இல்லை.

துலிப், டாஃபோடில் போன்றவை குளிர்நாட்டு வசந்தத்தின் மலர்கள். மண்ணுக்குள் ஏறத்தாழ மூன்று மாதம் குளிர் பட்டால்தான் கிழங்கிலிருந்து பூந்தண்டு ஒழுங்காக எழும்பும். ஸ்ரீநகரில் தால் ஏரிக்கரை மலையடிவாரத்தில் 2007இல் திறக்கப்பட்ட துலிப் தோட்டம் செழிப்பது அந்தக் குளிரால்தான். அதற்கும் கிழங்கு ஹாலந்திலிருந்து வந்தது. ஹிமாச்சலப் பிரதேசத்துப் பாலம்பூரில் உள்ள மத்திய ஆய்வு நிறுவனம் துலிப் கிழங்கை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய முயற்சி எடுத்திருப்பது பாராட்டத்தக்கது. என்றாலும், குளிரூட்டிப் பதப்படுத்திய கிழங்கு வேலூரிலோ மதுரையிலோ ஒரு பருவம் பூத்தால் அதிகம். மறு வருடத்திற்கு அதை நம்ப முடியாது. ஒரு முறை பூத்து முடிகிற சரக்கை வருடா வருடம் பூக்கும் என்று சொல்லி விற்க நம்மால் ஆகாது. நாளைக்கும் அதே வாடிக்கையாளர் பருப்பு வாங்க நம் கடைக்குத்தான் வர வேண்டும்.

நமக்கு இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அந்த வெயிலுக்கென்றே பூக்கும் கிழங்குகள் இருக்கின்றன. அமரில்லிஸ், வெறும் கிழங்கிலிருந்து தடித்த தண்டை விட்டு, பங்குனி வாக்கில் கையகலப் பூ பூக்கும். ஃபுட்பால் லில்லி, சிலர் மே மலர் என்பார்கள், கோடை மழை ஒன்று விழுந்ததும் சிவப்புப் பந்தாக எழும்பும். ஒரு கிழங்குக்குப் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு பந்துதான். அதற்காகவே வீட்டில் உள்ளவர்கள் காத்திருப்பார்கள். மழை லில்லி பெயருக்கேற்றபடி, மழை பெய்த சில நாளில் வெள்ளை, மஞ்சள், ரோஸ் நிறங்களில் தரையை மூடும். இவையும் அமெரிக்க, ஆப்பிரிக்க வம்சந்தான். ஆனால் மிளகாயும் வெளியிலிருந்து வந்ததே; இன்று அதை அந்நியச் சரக்கு என்பார் உண்டா?

சிவப்பு அமரில்லிஸ் பல தெருக்களில் உண்டு. வெள்ளைக் கோடு போட்டது, இளஞ்சிவப்பு, அடுக்குப் பூ ஆகியவைதான் அரிது. தேடிக் கேட்பவர் இவற்றைத்தான் கேட்கிறார். இவை எங்கே இருக்கின்றன? ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டுப் பின்கட்டில், மாதா கோயில் வளாகத்தில், ஏற்காடு, கொடைக்கானல் பக்கத்துப் பழைய பங்களாத் தோட்டங்களில் இருக்கின்றன. தாய்க்கிழங்கு வருடந்தோறும் பக்கக் கிழங்கு விடும். இடம் நெருக்கமானால் பிடுங்கி அண்டை வீட்டுக்குக் கொடுப்பார்கள், மிஞ்சியதைக் குப்பையில் போடுவார்கள். நமக்கு வேண்டிய கொள்முதல் அந்தக் குப்பைக்குப் போகிறது என்பதே எங்கள் ஆதங்கம்.

வாங்குவதானால் காசு கொடுத்து வாங்க வேண்டும். "வீணாகப் போவதுதானே" என்று சும்மா கேட்டால் ஒரு வருடம் கொடுப்பார்கள், மறு வருடம் கதவு திறக்காது. மாத மளிகைக் கணக்கில் கழித்துக் கொள்வது பல வீடுகளுக்கு உவப்பாக இருக்கும். நமக்கும் ரொக்கம் முடங்காது. பூத்திருக்கும்போதே போய்ப் பார்த்து, நிறத்தையும் வீட்டையும் நோட்டில் குறித்துக் கொண்டு, மார்கழி, தையில் கிழங்கு ஓய்ந்திருக்கும் சமயம் எடுக்கச் சொல்ல வேண்டும். பூவைப் பார்க்காமல் வாங்கிய கிழங்குக்கு நிற உத்தரவாதம் யாராலும் தர முடியாது. தொகையாக வேண்டுமென்றால் பெங்களூரு லால்பாக்கில் நர்சரிக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் விசாரிக்கலாம். மேற்கு வங்கத்துக் காலிம்பாங் நர்சரிகள் கிழங்கு வியாபாரத்தில் பெயர் பெற்றவை. ஆனால் முதல் வருடமே அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

மலையில் தோண்டி மூட்டையாகக் கொண்டு வருபவரிடம் மட்டும் வாங்கக் கூடாது. துருக்கி மலைகளில் ஸ்னோடிராப் கிழங்கைத் தோண்டித் தோண்டி ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்பியதன் விளைவாக, 1990 முதல் அந்த வாணிபம் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

அடுத்தது மளிகைக்காரர் அவசியம் கவனிக்க வேண்டியது. அமரில்லிஸ் கிழங்கு பார்வைக்குப் பெரிய வெங்காயம், மழை லில்லிக் கிழங்கு அசல் சின்ன வெங்காயம். இரண்டிலும் வாந்தி எடுக்க வைக்கும் நச்சுப் பொருள் உண்டு. டாஃபோடிலும் இதே குடும்பம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் 2012இல் டாஃபோடிலைக் காய்கறி என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. 2015இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, டாஃபோடிலைக் காய்கனிகளுக்கு அருகே வைக்க வேண்டாம் என்று பெரிய கடைகளுக்கு எழுதியது. நம் கடையில் வெங்காயக் கூடைக்கும் இதற்கும் நடுவே ஒரு சுவராவது இருக்கட்டும். சாக்கு வேறு, தட்டு வேறு, எடுக்கிற பையனுக்கும் சொல்லி வைக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் "உண்ணக் கூடாது" என்று தமிழில் பெரிதாக எழுத வேண்டும். மாநில மலராயிற்றே என்று செங்காந்தள் கிழங்கும் கேட்பார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் விதைக்காகப் பயிரிடுவதால் கிடைக்கவும் கிடைக்கும். அது உயிருக்கே ஆபத்தான கண்வலிக்கிழங்கு. லாபம் எவ்வளவு என்றாலும் மளிகைக் கடைக்குள் அது வேண்டாம்.

வைத்திருக்கும் வகை நமக்குத் தெரிந்ததே: சணல் சாக்கு, காற்றோட்டம், நிழல். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்து அழுகும். அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதை ஒதுக்கி விட வேண்டும். ஹாலந்து வியாபாரிகள் கிழங்கின் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து தரம் பிரிக்கிறார்கள். நாமும் ஒரு தையல் டேப் வைத்துக் கொண்டு பெரிது, சிறிது என்று இரு விலையில் விற்கலாம். சிறு கிழங்கு இந்த வருடம் பூக்காது என்பதை விற்கும்போதே சொல்லி விட்டால் பிறகு தகராறு இல்லை.

உறுப்பினர்கள் இந்தச் சித்திரையில் தத்தம் ஊரில் எந்தத் தெருவில் என்ன நிறம் பூக்கிறது, உடையவர் கிழங்கு கொடுக்கச் சம்மதிக்கிறாரா என்று விசாரித்துச் சங்க அலுவலகத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால், ஊர்வாரியாகப் பட்டியலிட்டு மார்கழிக்கு முன் இதழில் வெளியிட ஆவன செய்வோம்.