தனியன் யானையின் கணக்கு

பெரும்போகக் கதிர் முற்றும் காலத்தில் அம்பாறை, பொலன்னறுவைப் பக்கத்துச் செய்திகளில் "காட்டு யானைகள் அட்டகாசம்" என்ற தலைப்புத் தவறாமல் வரும். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. அட்டகாசம் என்றால் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும். யானையிடம் இருப்பது ஒரு கணக்கு.

இரவில் வயலில் இறங்குபவை பெரும்பாலும் ஆண் யானைகளே. பெண் யானை ஏறத்தாழ 22 மாதம் சுமந்து ஒரு கன்றை ஈனுகிறது. பிறகு பல வருடம் அதைக் கூடவே வைத்துக் காக்கிறது. யானை வெடி அதிரும் வயலுக்குள் கன்றோடு நுழைவது அதற்குக் கட்டுபடியாகாது. ஆணின் நிலை வேறு. பருவம் வந்ததும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து விடுகிறது. அதற்கு இணை கிடைப்பது உடல் பருமனையும் மதநீர் வடியும் காலம் எவ்வளவு நீடிக்கிறது என்பதையும் பொறுத்தது. இரண்டுக்கும் நல்ல தீன் வேண்டும். காட்டுப் புல்லைவிட நெற்கதிரில் சத்து அதிகம். துணிந்து தின்ற ஆண்களே அதிகக் கன்றுகளுக்குத் தந்தையானதால் அந்தத் துணிச்சல் சந்ததியில் தங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். உயிரியல் பாடத்தில் இயற்கைத் தேர்வு என்று நாம் படிப்பது இதைத்தான்.

ஒரு போகத்து உழைப்பை ஒரே இரவில் இழந்த குடும்பத்திடம் இதைச் சொன்னால் கோபம் வரும். நியாயமான கோபம். அண்மைய வருடங்களில் வருடத்துக்கு நூற்றுக்கும் அதிகமான மனிதரும் 300 இற்கும் மேற்பட்ட யானைகளும் இறக்கிறார்கள். அதனால்தான் பயனில்லாத வழியில் காலத்தைப் போக்கக் கூடாது என்கிறேன்.

யானையைப் பிடித்துத் தூரத்துச் சரணாலயத்தில் விடுவது அப்படியொரு வழி. இங்கே 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டி பூட்டி அவதானித்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பின. சில ஊர் ஊராக அலைந்தன. தொல்லை குறையவில்லை, பரவியது. அடர்ந்த காட்டுக்குள் துரத்துவதும் அப்படித்தான். வரண்ட வலயத்து முதிர்ந்த காட்டில் யானைக்குத் தீன் குறைவு. குளத்தோரப் புல்லும் அறுவடை முடிந்த சேனையுமே அதற்குச் சாப்பாடு. நீர் வற்றி இளம்புல் முளைக்கும் ஓகஸ்ட் மாதத்தில் மின்னேரியாக் குளத்தில் அவை நூற்றுக்கணக்கில் கூடுவது அதற்காகத்தான்.

ஆகவே மின்வேலி காட்டைச் சுற்றியல்ல, ஊரையும் வயலையும் சுற்றி வர வேண்டும். விதைப்பில் போட்டு, அறுவடையானதும் கழற்றினால் மிஞ்சிய வைக்கோலை யானை தின்றுவிட்டுப் போகும். சில கிராமங்களில் இப்படிச் செய்கிறார்கள். கம்பியில் கொடி படர்ந்தால் மின்சாரம் நிலத்தில் இறங்கிவிடும். அடிக்கடி வெட்ட ஆள் வேண்டும். அந்த வேலையை வயற்காரரே பொறுப்பெடுக்க வேண்டும். திணைக்களத்து ஆள் வரும்வரை பார்த்திருந்தால் யானை முந்திவிடும்.