சுகமும் சோதனையும்



திருப்பதியிலும் சித்தூரிலும் நம் சபைகளுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் செவிலியர், ஆய்வுக்கூடப் பணியாளர், மருந்தாளுநர் பலர் உண்டு. அவர்களுள் ஒருவர் எனக்குக் கற்பித்த பாடத்தை இம்மாதம் எழுதுகிறேன். அவர் காசநோய்ப் பிரிவில் நாள்தோறும் மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சகோதரி. வேதாகமக் கல்லூரியில் இப்பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

2006ஆம் ஆண்டு அது. ஆற்காட்டுப் பக்கமிருந்து கட்டட வேலைக்காகத் திருப்பதி வந்திருந்த வாலிபர் ஒருவருக்கு நுரையீரல் காசநோய். ஆறு மாத மருந்து தொடங்கப்பட்டது. சபையாரும் உபவாசித்து ஜெபித்தோம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றது, காய்ச்சல் விட்டது, பசி திரும்பிற்று. ஞாயிறு ஆராதனையில் அவர் எழுந்து, கர்த்தர் தம்மைச் சுகமாக்கினார் என்றும், இனி மாத்திரை தேவையில்லை என்றும் சாட்சி கூறினார். சபை ஆர்ப்பரித்தது. நானும் அல்லேலூயா என்றேன்.

ஆராதனை முடிந்தபின் அந்தச் சகோதரி வந்து, "ஐயா, சளிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா?" என்று மெல்லக் கேட்டார். அதை அவிசுவாசம் என்றே எண்ணினேன். வாயால் சொல்லவில்லை, என் முகம் சொல்லியிருக்கும்.

ஐந்து மாதத்தில் இருமல் திரும்பியது, இரத்தத்தோடு. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த மற்றொரு தொழிலாளிக்கும் நோய் கண்டது.

பின்னர் அச்சகோதரியே எனக்கு விளக்கினார். மருந்து முதல் வாரங்களில் வேகமாய்ப் பெருகும் கிருமிகளைக் கொன்றுவிடுகிறது. ஆதலால் நோயாளி நலமடைந்ததாக உணர்கிறார். மந்தமாய்ப் பதுங்கியிருக்கும் கிருமிகளோ மாதக்கணக்கில் மருந்து உண்டால்தான் மடியும். நலமாய் உணர்வது ஒன்று. நோய் நீங்கியிருப்பது வேறு.

இந்த மயக்கம் நம் போன்ற விசுவாசிகளுக்கு மட்டும் உரியதன்று; மருத்துவர்களுக்கும் நேர்ந்தது. அதற்கு நம் பக்கத்திலேயே சான்றுண்டு. அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கருகே, ஆரோக்கியவரத்தில், பல மிஷன் சங்கங்கள் ஒன்றுகூடி 1915இல் காசநோய் சானடோரியம் ஒன்றைத் திறந்தன. டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்தியான் ஃப்ரிமோட்-மோலர் அதன் முதல் கண்காணிப்பாளர். ராபர்ட் காக் 1882இலேயே காசநோய்க் கிருமியைக் கண்டறிந்திருந்தும், அதைக் கொல்லும் மருந்து 1940களில்தான் வந்தது. அதுவரை மருத்துவர் பெரிதும் நம்பியவை மேட்டு நிலத்தின் உலர்ந்த காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு, அன்பான பராமரிப்பு. இவற்றால் பலர் தேறினர் என்று உலகெங்கும் மருத்துவர் கருதினர். ஆயினும் காசநோயாளிகளில் ஒரு பகுதியினர் மருந்தின்றியே தேறுவதுண்டு. அவர் சானடோரியத்துக்கு வராதிருந்தாலும் தேறியிருப்பாரோ? தேறியவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இக்கேள்விக்கு விடை கிடையாது.

மருந்து வந்த பின்னும் அந்த நம்பிக்கை நீங்கவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்த நகரம் சென்னை. 1956இல் இங்கு காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். யார் எப்பிரிவு என்பதை மருத்துவர் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுப் போடுவதைப் போன்ற முறையில் தீர்த்தனர். (மத்தியாவைத் தெரிந்துகொண்ட அதிகாரத்தை வாசிக்கும் நமக்கு அது புதிதன்று.) இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். ஒரு சாரார் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மறு சாரார் நெரிசலான தங்கள் வீடுகளில் குறைந்த உணவோடு இருந்தனர். 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்கவைத்தது: வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமாயினர், அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதும் அதிகரிக்கவில்லை.

ஆரோக்கியவரம் போன்ற இடங்களில் ஆயுளைக் கொடுத்து உழைத்தவர்களுக்கு அம்முடிவு கசந்திருக்கக்கூடும். ஆனாலும் அதனால் பிழைத்த ஏழைகள் எத்தனை பேர்! வேலையையும் பிள்ளைகளையும் விட்டு ஓராண்டு படுத்திருக்க இயலாதவனுக்கும் சிகிச்சை உண்டு என்றாயிற்று. செவிலியர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மாத்திரையைக் கொடுத்தனுப்பிவிட்டு அம்மையத்தார் வாளாவிருக்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர்.

கதை அத்துடன் முடியவுமில்லை. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள்கள் வழங்கி நடந்த ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அவ்வீட்டாருக்குப் புதிதாய்க் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. பழைய சானடோரியத்தார் கொடுத்த பாலும் முட்டையும் முற்றிலும் வீணல்ல போலும்! மருத்துவம் தன் தீர்ப்பை இப்படித் திருத்திக்கொண்டே வருகிறது. அதைப் பலவீனம் என்று மேடையில் பரிகசிக்கும் ஊழியர் உண்டு. நானும் ஒரு காலத்தில் பரிகசித்தேன்.

இப்போது பெத்சாயிதா குருடனின் சம்பவத்தை (மாற்கு 8) வேறுவிதமாய் வாசிக்கிறேன். ஆண்டவர் தொட்டபின் அவனிடம் ஏதாவது காண்கிறாயா என்று விசாரிக்கிறார். அவனோ, மனுஷர் மரங்களைப்போல் தெரிவதாக உள்ளதை உள்ளபடி சொல்கிறான். ஆண்டவர் அவனை அவிசுவாசி என்று கடிந்துகொள்ளவில்லை; மறுபடியும் தொட்டார். குஷ்டரோகிகள் பத்துப்பேரையும் (லூக்கா 17) ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கும்படி அவரே அனுப்பினார். அந்நாளில் குஷ்டம் நீங்கிற்றா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. இன்று அப்பணியை ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கியின் முன் அமர்ந்திருக்கும் நம் சபைப் பிள்ளை செய்கிறாள்.

அந்த வாலிபருக்கு அக்கால முறைப்படி எட்டு மாத மறுசிகிச்சை. முதல் இரண்டு மாதம் ஊசியும் சேர்ந்தது. அவர் மருந்துண்ட நாள்களில் நான் பலமுறை உடன் சென்றேன். சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டபோது, "ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லையே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

எட்டாம் மாத முடிவில் அவர் சாட்சி சொல்ல அனுமதி கேட்டு வந்தார். "தம்பி, சளிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா?" என்றேன். சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார்.