பசுமை மனிதர்கள்: அருவிக்காகப் போலீஸ் தூக்கிச் சென்ற பேராசிரியர்!

நார்வேயின் மேற்குப் பகுதியில் இருக்கிறது மார்டால் அருவி. 650 மீட்டருக்கும் அதிகமான உயரம். ஐரோப்பாவின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. ஆனால், அது கொட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் 20-க்கும் ஆகஸ்ட் 20-க்கும் இடையில்தான் போக வேண்டும். மற்ற மாதங்களில் அதன் தண்ணீர் மின்சாரம் தயாரிக்கத் திருப்பிவிடப்படுகிறது!

இப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காக 1970 கோடையில் பெரும் போராட்டம் நடந்தது. கட்டுமான வேலை நடந்த இடத்தில் கூடாரம் போட்டு, வழியை மறித்து மக்கள் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து ஒவ்வொருவராகத் தூக்கிச் சென்றது. அப்படித் தூக்கிச் செல்லப்பட்டவர்களில் ஒருவர், 58 வயது தத்துவப் பேராசிரியர் ஆர்னே நேஸ்.

1912-ல் பிறந்தவர் நேஸ். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். விடுமுறைகளில் பார்த்து வளர்ந்த ஹாலிங்ஸ்கார்வெட் மலையைத்தான் அவர் மனம் அப்பாவின் இடத்தில் வைத்துக்கொண்டது. 27 வயதில் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆவதற்கு முன்பே, அந்த மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு மரக்குடில் கட்டிவிட்டார். மரச்சாமான்கள் எல்லாம் குதிரைகள் மேல் ஏற்றித்தான் அங்கே போய்ச் சேர்ந்தன. வாழ்நாளில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் அந்தக் குடிலில்தான் கழித்தார். அவருடைய பல எழுத்துகள் பிறந்ததும் அங்கேதான்.

காந்தியின் அறப்போராட்டத்தை ஆழமாகப் படித்தவர் நேஸ். 1955-ல் யோஹன் கால்டுங்குடன் சேர்ந்து காந்தி பற்றி ஒரு நூலே எழுதினார். 'எதிரில் நிற்பவரை அவமானப்படுத்தாமல் எதிர்க்க வேண்டும்' என்பது அவர் காந்தியிடம் கற்ற பாடம். மார்டாலில் யாரும் கல் எறியவில்லை, வெறுமனே உட்கார்ந்தார்கள்.

போராட்டம் தோற்றது. தண்ணீர் திருப்பிவிடப்பட்டது. ஆனால், 'ஓர் அருவிக்காக ஏன் இத்தனை பேர் வந்தார்கள்?' என்று நார்வே யோசிக்கத் தொடங்கியது. 1972-ல் அந்த நாடு சுற்றுச்சூழலுக்கெனத் தனி அமைச்சகம் அமைத்தது. மறு ஆண்டு வெளியான கட்டுரையில், 'ஆழ்சூழலியல்' என்ற கருத்தை நேஸ் முன்வைத்தார். மனிதருக்குப் பயன்படுகிறதா என்பதை வைத்து ஒரு மரத்தையோ மிருகத்தையோ எடைபோடக் கூடாது. வாழ்வதற்கான உரிமை எல்லா உயிர்களுக்கும் உண்டு என்பதே அதன் சாரம். இன்று உலகெங்கும் சூழலியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

2006-ல் அவருடைய ஹாலிங்ஸ்கார்வெட் மலை தேசியப் பூங்காவானது. அப்போது நேஸுக்கு 94 வயது. 2009 ஜனவரியில் அவர் மறைந்தார்.

அருவியைக் காப்பாற்ற முடியாமல் போனவர், தன்னை வளர்த்த மலை காப்பாற்றப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.